கணிப்பொறிக்கு ஏது கடவுள்மொழி?

“கணிப்பொறிக்கு ஏற்ற மொழி சமற்கிருதமே, அமெரிக்க நாசாவே அவ்வாறு சொல்லிவிட்டது” என்னும் பொய்யுரை மேடைதோறும் முழக்கப்படுகின்றது, பள்ளிப் பிள்ளைகளின் செவியிலும் ஓதப்படுகின்றது. ‘தேவமொழி’ என்னும் பழைய முகமூடி கிழிந்தபின், ஆரியம் அறிவியல் முகமூடி அணிந்து வருகின்றது. அதன் வேரைத் தோண்டிப் பார்த்தல் தமிழர் கடன்.

உண்மை யாது? நாசாவின் ஏம்சு ஆய்வு நடுவத்தில் பணியாற்றிய இரிக் பிரிக்சு என்பார், 1985-இல் செயற்கை அறிவுத்துறை இதழொன்றில் ஒரு கட்டுரை வரைந்தார். ‘வேலன் அரிவாளால் நெல்லை அறுத்தான்’ என்பதைக் கணிப்பொறிக்கு எவ்வாறு உணர்த்துவது? ‘அறுத்தல்’ வினையை நடுவே நிறுத்தி, வேலன் வினைமுதல், நெல் செயப்படுபொருள், அரிவாள் கருவி என உறவுக்கோடுகளாற் பிணைத்தல் ஒரு வழி. அதற்குப் பொருள்வலை என்பது பெயர். வடமொழி இலக்கணிகள் சொற்றொடரைப் பிரித்துரைத்த முறையும் இதனை ஒத்தது என்பதே அக்கட்டுரையின் பிழிவு. அஃது ஓர் ஆய்வாளர் கருத்து, நாசாவின் தீர்ப்பன்று. சமற்கிருதத்தை நிரல்மொழியாக நாசா ஏற்கவுமில்லை.

பொருள்வலை எம்மொழிக்கும் தனியுடைமையன்று. குவில்லியன் 1968-இல் அதனை வகுத்துக் காட்டியது ஆங்கிலச் சொற்களைக் கொண்டே! ‘புரோலாக்’ என்னும் ஏரண நிரல்மொழி 1972-இல் மார்சேயிற் பிறந்தது, பிரெஞ்சு உரையைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் முயற்சியிலே!

தொல்காப்பியரும் வேற்றுமை மயங்கியலில் வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என எட்டினைத் தொழில் முதனிலைகளாக எண்ணினார். பொருள்வலையில் வினையைச் சூழ்ந்து நிற்பனவும் இத்தகையனவே. அதுகொண்டு, ‘கணிப்பொறிக்கு ஏற்ற மொழி தமிழொன்றே’ என எவரேனும் கூவின், அதுவும் அதே பொய்யே! பொய்யைப் பொய்யால் வெல்லுதல் தமிழர் நெறியன்று.

இலக்கணம் கண்ட எம்மொழியாளரும் பொருளைக் கூறுபடுத்த வல்லரே. கூறுபடுத்தியதைப் பொறிக்குள் ஏற்றுதற்கோ உழைப்பு வேண்டும். பிரின்சுடன் பல்கலைக்கழகத்தார் 1985-இல் தொடங்கி, நூறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைப் பொருளுறவாற் பிணைத்து வைத்தனர். ஆங்கிலம் கணிப்பொறியில் வீற்றிருப்பது இத்தகைய உழைப்பினால். எந்தக் கடவுளும் அதனை அங்கு அமர்த்தவில்லை.

சொற்களைப் பொருள்வகையால் தொகுத்த திவாகரம், ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தமிழில் எழுந்தது. அவ்வழியில் இன்றைத் தமிழ்ச் சொற்களையெல்லாம் பொருள்வலையிற் பிணைக்கும் பணி தமிழிளைஞர்முன் கிடக்கின்றது. பெருமை பேசியது போதும். சொல் சொல்லாக அதனை முடிக்க எழுக!