சொல்லும் பொருளும்: ஆழ்மன உளவியல்



தலையிடி, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று வைத்தியரிடம் போகும் எம்மவர் சிலரை அவர் உளவியலாளரிடம் அனுப்புவதுண்டு. உடனே எழும் கேள்வி, “எனக்கென்ன விசரோ?” என்பதுதான். அதற்கான பதில் சொல்லின் பிறப்பிலேயே இருப்பதால், இம்முறை ‘ஆழ்மன உளவியல்’ என்பதை எடுத்துக்கொள்கிறோம்.

‘சைக்கோலொஜி’ இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘ப்சுகே’ என்றால் மூச்சு, உயிர், ஆன்மா. ‘லோகோஸ்’ என்றால் சொல், ஆராய்ந்து கூறல். தமிழிலும் ‘உயிர்ப்பு’ மூச்சையே குறிக்கும். ‘உளம்’, ‘உள்ளம்’ என்பன ‘உள்’ என்ற அடியில் பிறந்தவை. ‘உள்ளுதல்’ என்றால் நினைத்தல். இவற்றில் எங்கும் விசர் என்ற பொருள் இல்லை.

இதனோடு ஆழம் சேர்ந்தது ஜேர்மன் மொழியில். அம்மொழியில் ‘தீஃப’ என்றால் ஆழம். ‘ஆழ உளவியல்’ என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லை ஆக்கியவர் சூரிச் நகர மனநல வைத்தியர் ஒய்கன் புளொய்லர் என்பர். அவரிடம் பணிபுரிந்த கார்ல் யுங்கும், வியன்னாவில் வாழ்ந்த சிக்மண்ட் பிராய்டும் இத்துறையை வளர்த்தனர்.

நாம் அறிந்து நினைப்பது மனத்தின் மேற்பரப்பு மட்டுமே. அறியாமல் புதைந்த அச்சமும் துயரமும் கனவாகவும் உடல் வருத்தமாகவும் வெளிவரலாம் என்பது இவர்களது கருத்து. அந்தப் புதைந்த பகுதியைத் தமிழில் ‘நனவிலி’ என்கிறோம். நனவு என்பது விழிப்பு. அது இல்லாதது நனவிலி. பிராய்டின் விளக்கங்கள் பலவற்றை இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. ஆயினும், வாய்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்ற அடிப்படை இன்றும் சிகிச்சையில் நிலைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1938 இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, யூதரான பிராய்ட் தமது 82 ஆவது வயதில் லண்டனுக்கு அகதியாகப் போனார். அடுத்த ஆண்டு அங்கேயே காலமானார். ஊரை இழப்பது என்னவென்று அவரும் அறிந்திருந்தார்.

ஆகவே, வைத்தியர் உளவியலாளரிடம் அனுப்பினால் தயங்காமல் போங்கள். ஆழத்தில் கிடப்பதை அந்நிய மொழியில் சொல்வது கடினம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை அந்த இடத்தில் இருத்தி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பெற்றோரின் பாரத்தைச் சுமக்கும் வயது அவர்களுக்கு இல்லை.

அடுத்த இதழில் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.