பிரிக்கத்தக்க தையலே நிலைக்கும்

துவைக்கத் துவைக்கத் துணி நைந்துபோகும். வளரும் பிள்ளையின் பாவாடை ஓரிரு ஆண்டுகளிலேயே குட்டையாகிவிடும். ஆனால், நல்ல பருத்தி லேஸும் சரிகைக் கரையும் பல வேளைகளில் துணியைவிட நெடுநாள் நிலைக்கின்றன. எனவே, அவற்றைத் தைக்கும்போதே பின்னாளில் பிரித்தெடுக்கும் வகையில் தைக்க வேண்டும்.

ஈப்போவில் இந்தியர்கள் நிறைந்து வாழும் பகுதி புந்தோங். தோட்டப்புறங்களிலிருந்து பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்கள் கொண்டு வந்த உடைமைகளோ சில. பாட்டியின் கல்யாணச் சேலை அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். சேலை கிழிந்துவிட்டது என்பதற்காக அதன் கரையையும் சேர்த்து எறிந்துவிட்டால், குடும்ப வரலாற்றின் ஒரு பக்கம் தொலைந்துபோகும். அக்கரையைப் பேத்தியின் பாவாடையில் தைத்தால் அந்தப் பக்கம் மேலும் ஒரு தலைமுறைக்கு வாழும்.

மெல்லிய பின்னலின் மதிப்பை நாகர்கோவிலின் வரலாறும் உணர்த்துகிறது. 1819ஆம் ஆண்டு கணவருடன் அங்கு வந்த மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்களுள் சிலர், பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றனர். ஒரு முழம் லேஸில் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அறிந்தவர் அதை அலட்சியமாகக் கையாள மாட்டார். ‘ரெண்டா’ என்னும் போர்த்துகீசியச் சொல் மலாயில் ‘ரெண்டா’ என்றும் தமிழில் ‘ரேந்தை’ என்றும் வழங்குகிறது. கடல் கடந்து வந்த இக்கலை பல இனத்தாருக்கும் சொந்தமாகிவிட்டது. கெபாயாவின் ஓரங்களிலும் இதன் அழகைக் காணலாம்.

பழைய லேஸைப் பயன்படுத்தப் பொறுமையே முதல் தேவை. பருத்தி லேஸ் முதல் முறை நனையும்போது சுருங்கக்கூடும். ஆகவே, புதிய துணியையும் லேஸையும் தனித்தனியே அலசி, நிழலில் உலர்த்திய பின்னரே தைக்க வேண்டும். மெல்லிய ஊசியும் பருத்தி நூலும் ஏற்றவை. முரட்டு நூல் நைந்த இழைகளை அறுத்துவிடும். சரிகையின்மீது வாசனைத் திரவியம் பட்டால் அது கறுத்துவிடும். சூடான பசையால் ஒட்டுவது விரைவான வழிதான். எனினும், பசை ஊறிய லேஸை மீண்டும் எடுக்க முயன்றால் அது கிழியும்.

“கடையில் ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தச் சிரமம்?” எனச் சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு நேரம் அரிது. எல்லா உடைகளையும் இவ்வாறு தைக்க இயலாது, தைக்கவும் தேவையில்லை. ஆயினும், குடும்பத்தில் ஒரே ஓர் உடையையாவது இவ்வாறு போற்றுவது எவருக்கும் இயலும். விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து கைத்தையல் பழகும் இளையோர் தையலை மட்டுமா கற்பர்? அந்தச் சேலையின் கதையையும் கேட்டறிவர்.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்றனர் முன்னோர். கந்தையாகிப்போன துணியிலும் காக்கத்தக்க கரை உண்டு. இன்று தைப்பவர், நாளை அதைப் பிரித்துத் தைக்கப்போகும் கைகளையும் நினைத்துத் தைக்க வேண்டும்.