பரணில் கிடக்கும் பாட்டு

பரணை ஒழிக்கும்போது பழைய கேஸட்டுகள் கிடைத்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள் சகோதரிகளே!

நம் மதுரை மணி ஐயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், 1968-ல் காலமானார். இசைத்தட்டாக வந்தது கொஞ்சம்தான். இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி, கச்சேரிகளில் ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து, கைக்குக் கை பிரதி எடுத்தவை. அனுமதி கேட்காமல் பிடித்தவையும் உண்டு. திருட்டுப் பதிவு என்பார்கள். இருக்கட்டுமே, அந்தத் திருட்டு நடக்காவிட்டால் அவருடைய கல்பனாஸ்வரம் நமக்கு ஏது? அதைக் காசுக்கு விற்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

எங்கள் பேரையூர் வீட்டிலும் அப்படி ஒரு தொண்ணூறு நிமிட கேஸட் இருக்கிறது. சிநேகிதர் கொண்டுவந்த ஸ்பூல் மெஷின் முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து என் மாமனார் பிடித்தது.

கேஸட்டை எடுத்தவுடன் போட்டுக் கேட்கக்கூடாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருந்தால் மெஷினில் ஏறி மற்ற கேஸட்டுகளுக்கும் தொற்றும். அதைத் தனியே வைத்துத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லதாக இருந்தால், தொய்ந்த நாடாவைப் பென்சில் விட்டு இறுக்கி, ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதுகுப்பக்கம் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால், தவறியும் அதன்மேல் வேறு பதிவாகாது. அறுந்த இடத்தில் சாதாரண செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றும் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு கம்ப்யூட்டர் வேலை. அண்ணன் மகன் ஆடாஸிட்டி என்ற இலவச மென்பொருளில் ஏற்றினான். பாட்டில்லாத இடத்தில் வெறும் இரைச்சலை மாதிரி காட்டினால், முழுவதிலும் அதைக் குறைக்கிறது. பையன் உற்சாகத்தில் அதிகமாகவே குறைத்துவிட்டான். தம்புராவைக் காணோம்! குரலோ குடத்துக்குள்ளிருந்து வருகிறது. பாதி இரைச்சல் இருக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிடும், போன தம்புரா திரும்பாது. நல்லவேளை, கை வைக்காத முதல் பிரதி தனியாக இருந்தது. எதைச் செய்தாலும் அதை மட்டும் தொடாதீர்கள்.

சுருதியையும் பாருங்கள். பிரதிக்குப் பிரதி வேகம் மாறி, பாடகர் கீச்சென்று ஒலிப்பதுண்டு. பாட்டுத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்வது உத்தமம்.

எங்கள் கேஸட்டில் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே, “சோறு ஆறுது, சாப்பிட வாங்க” என்று மறைந்த என் மாமியாரின் குரல். “வெட்டிடவா அத்தை?” என்றான். விடுவேனா நான்?