ஷூ மேல் பழி

மழை ஓய்ந்து துர்கா பூஜையும் முடிந்த கையோடு, கொல்கத்தா மெக்கானிக்குகளிடம் பழைய பைக்குகள் வரிசையில் நிற்கும். பாதி வண்டிகளுக்கு ஒரே புகார்தான்: பின் பிரேக் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. 2025இல் கேட்கவே வேண்டாம். செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை கொட்டிய மழை 250 மில்லிமீட்டரைத் தாண்டியது. தெருவோரம் நிறுத்திய வண்டிகளின் சக்கரங்கள் அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன.

என்னுடையது திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். தண்ணீர் வடிந்தபின் தள்ளிப் பார்த்தால் எருமையை இழுப்பது போல இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டியதும் பிரேக் டிரம்மில் சூட்டால் கைவைக்க முடியவில்லை. தெருமுனைக் கடையில் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்தது: "பிரேக் ஷூ மாத்தணும்." எல்லா ஊரிலும் இதே தீர்ப்புதான். ஷூ விற்றால் லாபம், கிரீஸ் தடவினால் லாபமில்லை. வேறென்ன சொல்வார்கள்?

பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜாருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான மிஸ்திரி ஷூவைப் பற்றிப் பேசவே இல்லை. "முதல்ல ராடைக் கழட்டுவோம் தாதா" என்றார். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பிரேக் ராடின் நட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். இந்த ஒரு சோதனை போதும். சக்கரம் தாராளமாகச் சுற்றினால் குற்றவாளி வெளியே இருக்கிறான்: பெடலின் அச்சில் துரு, பெடல் ஸ்பிரிங்கில் தளர்ச்சி, அல்லது ராடில் அளவுக்கு மீறிய இறுக்கம். அப்போதும் பிடித்தால் டிரம்முக்குள் பார்க்க வேண்டும்.

ராடு இறுகுவதற்கு ஒரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. செயின் தொய்ந்தால் சக்கரத்தைப் பின்னால் தள்ளித்தானே டைட் செய்கிறோம்? சக்கரம் பின்னால் போனால் ராடும் கூடவே இழுபடும். காலை வைக்காமலே பிரேக் பாதி பிடித்திருக்கும். செயினைத் தொட்டவர் ராடு நட்டையும் தளர்த்தி, பெடலில் ஏறக்குறைய ஓர் அங்குலம் லூஸ் விட்டிருக்க வேண்டும்.

என் வண்டிக்கு நோய் உள்ளே இருந்தது. சக்கரத்தைக் கழற்றித் தட்டைத் திறந்தால், இரண்டு ஷூக்களையும் விரிக்கிற கேம் தன் துளைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. காலால் மிதிக்கும் பலத்துக்கு அது திரும்பிவிடும். காலை எடுத்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர, ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்குகளால் ஆகாது. மிஸ்திரி கேம் முனையில் லீவர் உட்கார்ந்த இடத்தை அடையாளம் போட்டுக்கொண்டு கழற்றினார். எமரித் தாளால் துருவைத் தேய்த்து, துளையைத் துடைத்து, விரல் நுனியால் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவினார். தாராளம் காட்டினால் டிரம் சூட்டில் உருகி ஷூவில் இறங்கும்; பிறகு பிரேக்கே பிடிக்காது. வெளியிலிருந்து எண்ணெய்க் கேனால் விடும் வைத்தியத்துக்கும் அதே கதிதான்.

ஷூவுக்குக் குற்றமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அது மிகவும் தேய்ந்துவிட்டால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்போது மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, டிரம்முக்குள் சேர்ந்த தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அச்சு நட்டைக் கடைசியாக முறுக்கும்போது பெடலை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் ஷூக்கள் டிரம்முக்கு நடுவாக உட்காரும்.

வேலை முடிந்ததும் நேரே சாலைக்குப் போகாதீர்கள். நடை வேகத்தில் சில முறை பிரேக் பிடித்து விட்டுப் பாருங்கள். இந்த ஊரில் டிராம் ஓட்டம் பெரும்பாலும் நின்றாலும் தண்டவாளம் பல சாலைகளில் கிடக்கிறது. அது நனைந்திருக்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.