அள்ளிய மறுநாள்

கார் சாகுபடிக்கு அணை திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால் தாமிரபரணிக் கால்வாய்களில் பொக்லைன் இறங்கிவிடும். நெல்லைச் சீமையில் அமலைச்செடி என்றும் மற்ற ஊர்களில் ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை என்றும் சொல்கிற செடியை வாரிக் கரையில் கொட்டுவார்கள். கால்வாயில் தண்ணீர் தெரியும், மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே பச்சை மூடிக் கிடக்கும். மதகில் செடி அடைத்துக்கொள்ள, கடைமடைக்காரர் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது.

பாளையங்கால்வாய்க் கரையில் நடந்து பழகியவன் நான். இந்த வாரம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். செடியை அள்ளுவதற்குப் பணம் ஒதுக்குகிறோம். அள்ளிய மறுநாளிலிருந்து அந்த நீரைப் பார்த்துக்கொள்ள யாரையும் அமர்த்துவதில்லை. நம் முயற்சி வீணாவது அங்கேதான்.

இந்தச் செடியின் பலம் அதன் வேகம். தாய்ச்செடியிலிருந்து பக்கவாட்டில் ஒரு தண்டு ஓடும். நுனியில் குட்டிச்செடி பிறக்கும். சில நாளில் அதுவும் தாயாகிவிடும். வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். 15 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று கணக்குப் போட்டால் 10 செடிகள் எட்டு மாதத்தில் 6,55,360 செடிகள்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் நன்றாகப் புரியும். 100 ஏக்கர் குளம் ஒன்று இன்று முழுக்க மூடிக் கிடக்கிறது. 15 நாளுக்கு முன்பு மூடியிருந்தது 50 ஏக்கர். மூன்று மாதத்துக்கு முன்பு ஒன்றரை ஏக்கர். ஐந்து மாதத்துக்கு முன்பு பத்து சென்ட். இயற்கையில் வளர்ச்சி இவ்வளவு சீராக இருக்காது. ஆனாலும் இதில் உள்ள பாடம் மாறாது. பத்து சென்ட்டை நாலைந்து பேர் இறங்கி ஓரிரு நாளில் கையாலேயே வாரிவிடலாம். அன்றைக்குப் பார்க்க ஆள் இல்லாததால்தான் இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவாகிறது.

அந்தச் செலவில் பெரும்பகுதி தண்ணீரைச் சுமக்கப் போகிறது. அடர்ந்து மூடிய ஒரு ஹெக்டேரில் செடியின் எடை 200 டன்னைத் தாண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர்தான். அத்தனையையும் வாரி வெளியேற்றினாலும் விதை சேற்றில் இருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட முளைப்புத் திறன் கெடாமல் கிடக்கும். குளம் வற்றி மறுபடி நீர் ஏறும் காலத்தில் ஓரத்துச் சேற்றிலிருந்து முளைத்து வரும். பொக்லைன் திரும்பிப் போன நாளில் வேலை முடிவதில்லை என்பதற்கு இந்த விதைகளே போதும்.

அமேசான் படுகையில் பிறந்த செடி இது. ஊதாப் பூவின் அழகுக்காகத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. 1909-இலேயே இலங்கையில் இதற்கென்று தனிச்சட்டம் வந்தது. வங்காளத்தில் 1936-இல் வந்தது. சட்டம் போட்டும் செடி நிற்கவில்லை, ஏனென்றால் அதற்கு நாம் இரை போட்டுக்கொண்டே இருக்கிறோம். வீட்டுச் சாக்கடை கொண்டுவரும் தழைச்சத்து, சோப்புத்தூளில் உள்ள மணிச்சத்து, வயலிலிருந்து வடியும் உரம் எல்லாம் அதற்குச் சாப்பாடு. பொதிகையிலிருந்து பாய்ந்து இறங்கும் இடத்தில் தாமிரபரணி தெளிவாக ஓடுகிறது. ஊர்களின் கழிவுநீர் கலந்து, அணைக்கட்டுகளில் ஓட்டம் தளரும் இடங்களில்தான் அமலை மொய்க்கிறது. செடி மொய்த்திருக்கும் இடத்துக்கு மேலே நடந்து போனால் பெரும்பாலும் ஒரு சாக்கடை வாய் கண்ணில் படும்.

பூச்சி விட்டால் தீராதா என்று வாசகர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தென்னாட்டுக்கு இந்த வழி புதிதும் இல்லை. காடு கரையெல்லாம் மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்க 1926-இல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வேலை செய்தது. கேரளத்தின் குட்டநாட்டில் ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதக்கும் பெரணி வாய்க்கால்களை அடைத்து, படகு போக வழியில்லாமல் செய்தபோது, 1980-களில் விட்ட சின்னஞ்சிறு கூன்வண்டு சில ஆண்டுகளில் அதை அடக்கியது. அதற்குச் சற்று முன்புதான் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் அதே வண்டு அதே பெரணியை ஓராண்டு சொச்சத்தில் அழித்துக் காட்டியிருந்தது.

ஆகாயத்தாமரைக்கும் தனி வண்டுகள் உண்டு. நியோகெட்டினா என்ற இனத்தில் இரண்டு வகை. வளர்ந்த வண்டு இலையைச் சுரண்டித் தின்னும். புழு தண்டுக்குள் குடைந்து போகும். செடி குன்றிக் கடைசியில் மூழ்கும். 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த இவற்றை முதலில் பெங்களூர் ஏரிகளில் விட்டுப் பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1995-இலிருந்து விட்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் செடி பெருமளவு குறைந்தது. அப்போதைய எல்நினோ காலத்துப் பெருமழையும் அலையும்கூட அதற்குத் துணை செய்தன.

ஆனால் அந்த ஏரியின் கென்யக் கரையை ஒட்டிய வினாம் வளைகுடாவில் செடி பிறகு திரும்பி வந்தது. வண்டை விட்டுப் பார்த்த அதே பெங்களூரில், சாக்கடை சேர்ந்த பெல்லந்தூர் ஏரி ஆகாயத்தாமரையும் நுரையுமாகக் கிடந்ததை நாடே பார்த்தது. வண்டுக்குக் காலம் வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். சத்து மிகுந்த நீரில் வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் தாண்டிவிடுகிறது. இடையில் பொக்லைனை இறக்கி ஒன்று விடாமல் வாரினால், செடியோடு வண்டும் கரைக்குப் போய்க் காய்ந்து சாகும். பிறகு முளைப்பதைத் தின்ன ஆள் இருக்காது. எங்கே வாருவது, வண்டுக்காக எந்த மூலையை விட்டுவைப்பது என்பதைக் குளத்தைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவரால்தான் சொல்ல முடியும்.

அப்படிப் பார்க்கிற ஆள் நம் ஊர்களில் இருந்தார். நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஒரு பெயர். மடை திறப்பது, அடைப்பது, மழை ராத்திரியில் கரையைச் சுற்றி வருவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் நெல்லாக அவருக்குக் கூலி போகும். கிணறும் பம்புசெட்டும் பெருகிய பிறகு, குளத்தை நம்பியிருந்த உழவர்கள் குறைய, பல ஊர்களில் அந்த வேலையும் கூலியும் நின்றுபோயின. நீர்நிலையைத் தினமும் பார்த்த கண்ணை அதோடு இழந்தோம்.

அந்தக் கண் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மாதச் சம்பளத்தில் குளத்துக்கு ஒருவர், கால்வாயில் சில மைலுக்கு ஒருவர். வேலை என்ன என்று தெளிவாக எழுதிக்கொடுக்கலாம். வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி வரவேண்டும். தண்ணீர் உள்ளே வரும் வாயும், காற்று செடியை ஒதுக்கும் மூலையும், மதகுமே முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். வெள்ளம் வடிந்ததும் தனியாக ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துவைக்க வேண்டும். நாலு செடி தெரிந்தாலும் பூப்பதற்குள் பிடுங்கி, மழைத்தண்ணீர் மறுபடி இழுத்துப்போகாத மேட்டில் உலர்த்த வேண்டும். புதிதாகச் சாக்கடை கலந்தால் எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டும்.

பெரிய ஏரிகளுக்கு வானத்திலிருந்தும் உதவி இருக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் எல்லாருக்கும் இலவசம். 10 மீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டும். நம்மூர்க் கல்லூரி மாணவர்களே ஓர் ஏரியின் பச்சை எந்தப் பக்கம் பெருகுகிறது என்று மாதாமாதம் வரைந்துவிடலாம். மேகம் மூடும் மழைக்காலத்திலும், செடி பத்து இருபதாக இருக்கும் தொடக்கத்திலும் மட்டும் கரையில் நடக்கும் மனிதரைத்தான் நம்ப வேண்டும்.

வீட்டில் நாமும் செய்ய வேண்டியது உண்டு. தொட்டியில் வளர்த்த நீர்ச்செடி பெருகிவிட்டால் ஆற்றில், குளத்தில் விடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துவிடுங்கள். சாக்கடை நீரில் வளர்ந்த ஆகாயத்தாமரையை அப்படியே காய்கறித் தோட்டத்துக்கு எருவாக்காதீர்கள். நீரில் கலந்த கன உலோகங்களை அது வேரில் உறிஞ்சி வைத்திருக்கும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. கார் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னால், செடி அடர்வதற்குள் பேசிவிட ஏற்ற நாள். உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரும் திட்டம் அன்று பேச்சுக்கு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அள்ளிய பிறகு மூன்று ஆண்டுகளுக்கு இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், அவருக்கான சம்பளம் எந்தக் கணக்கில் இருக்கிறது? குளத்துக்குள் வரும் சாக்கடையை எப்போது திருப்பப் போகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் வாங்கித் தீர்மானத்தில் எழுதவைத்துவிட்டு, அதன் பிறகு பொக்லைனை வரச் சொல்லுங்கள்.