முதுமை நலம்: 45 வயதில் தொடங்க வேண்டிய கவலை

பெங்களூரு லால்பாகில் அதிகாலையில் நடைபயிலும் முதியவர்களைக் காண்போருக்கு, உடல்நலம் பேணுவது அவரவர் பொறுப்பு என்றே தோன்றும். அது பாதி உண்மையே.

அந்நகரின் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் இலக்குடன் ஆய்வு நடத்தி வருகிறது. முதுமையின் மறதி நோய்க்கு நடுவயதிலேயே வித்து விழுகிறது என்பதே இதன் அடிப்படை. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைக் களைந்தால், உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024-இல் லான்செட் ஆணையம் கூறியது.

இவற்றுள் செவித்திறனைத்தான் நாம் அறவே பொருட்படுத்துவதில்லை. காது மந்தமான முதியவர் முதலில் பேச்சைக் குறைக்கிறார். பிறகு வெளியே செல்வதை நிறுத்துகிறார். வீட்டாரோ, "வயதாகிவிட்டது" என்று இருந்துவிடுகின்றனர்.

தில்லி என்ன செய்தது? 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டை 2024-இல் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் அது மருத்துவமனையில் சேர்ந்த பின்னரே கைகொடுக்கும். 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோரின் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கோ 2024-லும் மாதம் 200 ரூபாய்தான். அதைக் கொண்டு மாத்திரை வாங்குவதா, செவிக்கருவி வாங்குவதா?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதியோர் நலம், மனநலம், கண், காது சிகிச்சை ஆகியவை அரசின் திட்ட ஏட்டில் ஏற்கெனவே உள்ளன. அவற்றுக்கு ஆளும் கருவியும் எத்தனை நிலையங்களில் உள்ளன என்று நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்கட்டும்.