மனச்சிதைவு நோய்

காய்ச்சல் கண்டவரைப் பார்த்து எவரும் நகைப்பதில்லை. கால் முறிந்தவரை எவரும் பழிப்பதில்லை. ஆயின், உள்ளம் நோயுற்றவரைக் கண்டால் சிறுவர் கல்லெறிவர். உற்றார் ஊரறியாமல் மறைப்பர். பேய் பிடித்தது என்பாரும், முன்வினைப் பயன் என்பாரும் இன்றும் உளர். ஈரல் நோயுறுவதுபோல மூளையும் நோயுறும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனநோய்களுள் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று மனச்சிதைவு. பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே அது தோன்றுகிறது. எவரும் பேசாதபோதும் நோயாளியின் செவியில் குரல்கள் ஒலிக்கும். அவை ஏசும், ஏவும். அண்டை வீட்டார் தமக்கு நஞ்சிட முனைகின்றனர் என்று அவர் அஞ்சுவார். எத்தனை சான்று காட்டினும் தெளியார். சிலர் பேச்சொழிந்து, குளிப்பதிலும் உண்பதிலும் நாட்டமின்றி, ஒரு மூலையில் அமர்ந்துவிடுவர். இதனைச் சோம்பல் என்று கருதி வீட்டார் சினங்கொள்கின்றனர். குரல் கேட்பதைப் போலவே இதுவும் நோயின் குறியே. ஓர் உடலில் இருவர் மாறி மாறி வாழ்வதாகத் திரைப்படங்கள் காட்டுவது வேறு. அதனை மனச்சிதைவு என மயங்குதல் கூடாது.

பெற்றோரின் வளர்ப்புக் குறையே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவருட் சிலரே கூறினர். எத்தனை தாய்மார் அச்சொல்லால் நொந்திருப்பர்! அக்கருத்து இன்று கைவிடப்பட்டது. மரபுவழிக் கூறுகளுக்கு இந்நோயில் பெரும்பங்கு உண்டு. எனினும், ஒரே கருவினின்று பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் அது வருவது பாதியளவைத் தாண்டுவதில்லை. ஆதலின் மரபு மட்டுமே காரணம் அன்று. கருவிலிருக்கும்போதும் பிறக்கும்போதும் நேரும் இடர்களும், இளமையிற் பழகும் கஞ்சாவும் நோய்க்கு வழி கோலக்கூடும்.

மூளையின் நரம்பணுக்கள் சில வேதிப்பொருள்களின் வாயிலாகவே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் டோபமைன் என்பதன் செயல் சில பகுதிகளில் மிகுதலால் குரல்களும் வீண் ஐயங்களும் தோன்றுகின்றன என்பர். 1952ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர்களான டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளர்க்கு அளித்துப் பயன் கண்டனர். அது டோபமைனின் செயலைத் தடுக்கிறது என்பது பின்னரே புலனாயிற்று.

மருந்து குறையற்றதன்று. கை நடுக்கமும் உடற்பருமனும் சிலருக்கு உண்டாகும். சற்று நலமடைந்தவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். அவர்களிடம் நோய் மீள்கிறது. மருந்தோடு வேலையும், வீட்டாரின் பரிவும் வேண்டும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பிலிருந்த மருத்துவர் சாரதா மேனன் இதனை நன்குணர்ந்தவர். இந்நோயாளரின் மறுவாழ்வுக்கென்றே 1984ஆம் ஆண்டில் அவர் ஓர் அமைப்பை நிறுவினார்.

மருந்தும் மருத்துவரும் இருந்தும், பிணியாளரைச் சங்கிலியிற் பிணித்தல் ஒழியவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டுண்டு ஓட இயலாத மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது தீ மட்டுமன்று, அறியாமையும் ஆகும். மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்தலை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அறவே தடை செய்துள்ளது. ஏர்வாடிக்கு வழிபாடு கருதி வருவோரைத் தடுக்க வேண்டுவதில்லை. தர்காவின் அருகே இன்று அரசின் மனநல மருத்துவமும் கிடைக்கிறது. வழிபட வருவோர் மருந்தும் பெற்றுச் செல்கின்றனர்.